கெய்ரோ மாநகரில் நின்றவையும் நில்லாதவையும்

கப்பற் பயணமே பெருவழக்காயிருந்த காலத்திற் கொழும்பிலிருந்து இங்கிலாந்து சென்ற நம்மவர் பலர் எகிப்து நாட்டைக் கரையோரமாகவேனும் கண்டு சென்றனர். சுயஸ் துறையை அடைந்த கப்பல் கால்வாயினூடே மெல்ல ஊர்ந்து போர்ட் செயிட் துறையைச் சேர்வதற்குள், சுயஸிலே இறங்கி நிலவழியாகக் கெய்ரோவுக்குச் சென்று, ஊரைப் பார்த்துவிட்டுப் போர்ட் செயிட்டில் மீண்டும் கப்பலேறுவது பயணிகளுக்கு இயல்வதாயிருந்தது. அவ்வாறு ஒரு பகற்பொழுதில் அந்நகரைக் கண்டோர் பிரமிட்டுகளையும், சிங்கவுடலும் மனித முகமும் வாய்ந்த பெருஞ்சிலையையும், நூதனசாலையையும் கண்டு மீண்டனர். அவை காணத்தக்கனவே. ஆயினும் அவற்றைக் கண்டவர் கெய்ரோவைக் கண்டவராகார். நைல் நதியின் மேல்கரையிற் கீசாவில் நிற்கும் பிரமிட்டுகள் எழுந்து மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேற் கழிந்த பின்னரே, கீழ்கரையிற் கெய்ரோவாக வளர்ந்த ஊருக்குக் கால்கோள் இடப்பட்டது.

அவ்வூரைத் தெற்கிலிருந்து வடக்காக நடந்து காண்பது நன்று. அங்ஙனம் நடப்பவர் தெருவழியே மட்டுமன்றிக் காலவழியேயும் நடப்பவராவர். முந்தையவன் அமைத்த நகரிற் குடியிருக்கப் பிந்தையவன் விரும்பியதில்லை. பழைய ஊரின் வடபாலிலோ வடகீழ்பாலிலோ தனக்கெனப் புதியதோர் ஊரை அமைத்து அதிலே கொலுவீற்றிருந்தான். கி. பி. 641இற்கும் 969இற்கும் இடையில் இவ்வாறு நான்கு தலைநகரங்கள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக எழுந்தன. அவ்வரசர் தமக்கெனக் கட்டிய மாளிகைகளுள் இன்று கண்ணுக்குப் புலனாவன மிகச் சில. பிறருக்கெனக் கட்டிய தொழுகையிடங்களும் வைத்தியசாலைகளும் கல்விக்கூடங்களும் பல நூற்றாண்டு கடந்து நிற்கின்றன. அறத்தின் வலிமை இஃது என்று எளிதிற் சொல்லிவிடலாம். வரலாறு கற்போர் அவ்வளவில் அமைதல் தகாது.

நடையைத் தொடங்கவேண்டிய இடம் பழைய கெய்ரோ எனப்படும் தென்பகுதி. உரோமர் கட்டிய பாபிலோன் என்னும் கோட்டையின் வட்டக் கொத்தளங்கள் அங்கே இன்றும் உள. மெசொப்பொத்தேமியாவிலிருந்த பாபிலோன் வேறு, இது வேறு. 641இல் அராபியத் தளபதி அம்ர் இப்னுல் ஆஸ் இக்கோட்டையைக் கைப்பற்றினான். அந்நாளில் எகிப்தின் தலைநகர் கடற்கரையிலுள்ள அலெக்சாந்திரியா. அதிலேயே தங்க அம்ர் எண்ணினான் என்றும், தனக்கும் தன் படைக்குமிடையே ஆறு குறுக்கிடுவதைக் கலீபா உமர் விரும்பவில்லை என்றும் கூறுவர். ஆகவே கோட்டையின் அருகே படை பாசறையிட்ட வெளியே புஸ்தாத் என்னும் நகராயிற்று. அங்கே அம்ர் எழுப்பிய பள்ளிவாசல் ஆபிரிக்காக் கண்டத்தின் முதற் பள்ளிவாசல். அது மீண்டும் மீண்டும் இடித்துப் பெருப்பித்துக் கட்டப்பட்டமையால் முதற் கட்டடத்தின் ஒரு கல்லையேனும் இன்று காட்டுதல் இயலாது. இடம் நின்றது, பெயர் நின்றது, கட்டடம் மாறிற்று.

கோட்டைக்குள்ளே கொப்துக் கிறித்தவரின் பழைய தேவாலயங்களும் யூதரின் பென் எஸ்ரா செபக்கூடமும் உள்ளன. இறைவனின் பெயர் எழுதப்பட்ட தாளை எறிதல் ஆகாதென்று கருதிய யூதர், பழுதுற்ற ஏடுகளையெல்லாம் இக்கூடத்தின் ஓர் அறையிற் போட்டு வந்தனர். எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்ந்த அக்குவியலின் பெரும்பகுதியை 1896-97இல் சொலமன் செக்டர் என்னும் பேராசிரியர் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டு சென்றார். வேதநூற் பிரதிகளோடு கடைக்கணக்கும் கடன்சீட்டும் மணவொப்பந்தமும் அதிலிருந்தன. 12ஆம் நூற்றாண்டில் மங்களூரிற் பதினேழாண்டு வாணிகம் செய்த ஆபிரகாம் பென் யிஜு என்பவரின் கடிதங்களும் அதிலிருந்து கிடைத்தவையே. மிளகும் பாக்கும் ஏடனுக்கும் எகிப்துக்கும் சென்ற வகையை இக்கடிதங்கள் கூறுமளவுக்கு எந்த அரசனின் கல்வெட்டும் கூறவில்லை. எறியத்தகாது என்று ஒதுக்கிய குப்பையே வரலாற்றாசிரியனுக்குக் கருவூலமாயிற்று.

புஸ்தாத்தின் எதிரே ஆற்றிடையிலுள்ள ரோடா என்னும் தீவில் நைல்மானி இருக்கின்றது. 861இல் அப்பாசியக் கலீபா முத்தவக்கிலின் ஆணைப்படி அமைந்தது. ஆழமான கற்கிணறு ஒன்றின் நடுவே முழக்கணக்குப் பொறித்த எண்பட்டைப் பளிங்குத் தூண் நிற்கின்றது. வெள்ளம் பதினாறு முழம் ஏறினால் நாடு விளையும். அரசு முழுவரியும் தண்டலாம். அதிற் குறைந்தாற் பஞ்சம். மிகக் கூடினாற் கரையுடைப்பு. எகிப்தியக் குடியானவனின் தலைவிதி இத்தூணிலே எழுதப்பட்டிருந்தது எனலாம். 1970இல் அசுவான் பேரணை முடிவுற்றதும் ஆண்டு வெள்ளம் நின்றது. தூணுக்குத் தொழிலும் இல்லாதொழிந்தது. கிணற்றுச் சுவரிலுள்ள கூர்முனை வில்வளைவுகளை மட்டும் பார்த்துச் செல்வோர் உண்டு. ஐரோப்பாவிற் கொதிக் கட்டடக்கலை அவ்வளைவைக் கையாளுவதற்கு மூன்று நூற்றாண்டு முன்னரே அவை இங்கு அமைந்துவிட்டன.

750இல் உமையாக்கள் வீழ்ந்து அப்பாசியர் மேலெழுந்தபோது, அவர்தம் தேசாதிபதிகள் புஸ்தாத்தின் வடகிழக்கே அல் அஸ்கர் என்னும் நகரை அமைத்தனர். அதில் எஞ்சியது ஒன்றுமில்லையாதலின் நாமும் கடந்து செல்வோம்.

அடுத்தது அகமது இப்னு துலூனின் நகர். இவன் தந்தை கலீபாவுக்குத் திறையாக அனுப்பப்பட்ட துருக்கிய அடிமை. பாக்தாத்தின் வடக்கேயுள்ள சமாராவில் வளர்ந்த மகன் 868இல் எகிப்தை நிருவகிக்க வந்து, வரிப்பணத்தைக் கலீபாவுக்கு அனுப்புவதைக் குறைத்துச் சிறிது காலத்துள் தன்னரசனானான். அவன் எழுப்பிய அல் கத்தாயி என்னும் நகரில் மாளிகையும் பந்தாட்டவெளியும் தோட்டமும் இருந்தன. அவன் மகன் குமாரவைஹி தூக்கம் வாராமையால் இரசம் நிறைந்த தடாகமொன்றை அமைத்து, அதன்மேற் காற்றடைத்த தோல்மெத்தையை மிதக்கவிட்டு அதிலே துயின்றான் என்று எழுதியுள்ளனர். 905இல் அப்பாசியப் படை மீண்டும் வந்து அந்நகரை இடித்துத் தரைமட்டமாக்கிற்று. இரசத் தடாகமும் போயிற்று, மாளிகையும் போயிற்று. இடித்தோர் தொடாது விட்டது ஒன்றே: 876இற்கும் 879இற்கும் இடையிற் கட்டப்பட்ட பெரும் பள்ளிவாசல்.

கெய்ரோவில் ஒன்றை மட்டும் காண நேரமுண்டு என்பார்க்கு இதனையே காட்டவேண்டும். அழகில் இதனை விஞ்சுவன வேறு உண்டு என்பாரோடு யாம் வழக்காடப் புகவில்லை. புறவெளியோடு சேர்த்து அளந்தால் ஒவ்வொரு பக்கமும் 160 மீற்றருக்கு மேற்பட்ட சதுரம். கல்லன்று, செங்கல், அதன்மேற் சுண்ணச்சாந்து. பளிங்குத் தூண்களுக்குப் பதிலாகப் பருத்த செங்கற் கால்கள். இவ்வளவு பெரிய பள்ளிக்கு வேண்டிய தூண்களைத் தேவாலயங்களிலிருந்தே பெயர்க்கவேண்டியிருக்கும் என்பதறிந்து, சிறையிலிருந்த கிறித்தவச் சிற்பி ஒருவன் தூண்களின்றியே கட்டித் தருவேன் எனச் செய்தி அனுப்பினான் என்று ஒரு கதை உண்டு. கதை எவ்வாறாயினும், சமாராவிலே செங்கற் கால்களும் சுருள்வழி மினாராவும் வழக்கிலிருந்தவை; இளமையிற் கண்ட ஊரின் சாயலையே இப்னு துலூன் நைற்கரைக்குக் கொணர்ந்தான் என்பது பொருத்தமான விளக்கம். முற்றத்தில் நிற்பவர்க்கு வெளியிலுள்ள நகரின் ஓசை கேளாது. அதுவே அக்கட்டடத்தின் சிறப்பு.

அவன் வைத்தியசாலை ஒன்றும் நிறுவினான். நோயாளியின் உடையையும் பணத்தையும் வாங்கிப் பத்திரப்படுத்திவிட்டு, வேற்றுடை கொடுத்து மருந்தும் உணவும் இலவசமாக அளித்தனர். ஒரு கோழியையும் ஓர் உரொட்டியையும் உண்ணும் நிலையை அடைந்தவனே குணமடைந்தவன் எனக் கொண்டு அவனை வீட்டுக்கு அனுப்பினராம். ஆனாற் படைவீரனுக்கும் அடிமைக்கும் அங்கே இடமில்லை. அடிமையின் மகன் கட்டிய வைத்தியசாலையில் அடிமைக்கு இடமில்லாதிருந்தமை கருதத்தக்கது. அக்கட்டடமும் இன்றில்லை.

பள்ளிவாசலும் தானாக நின்றுவிடவில்லை. சுற்றியிருந்த ஊர் அழிந்ததும் அது பாழடைந்தது. 1293இல் மம்லூக்குச் சுல்தான் கலீலைக் கொன்ற சதியிற் பங்குகொண்ட லாஜின் என்னும் பிரபு, துரத்துவோருக்கு அஞ்சி இப்பாழிலே ஒளித்திருந்தான். உயிர்தப்பினால் இதனைப் புதுக்குவேன் என்று நேர்ந்தான். மூன்றாண்டு கழித்து அவனே சுல்தானானான், சொன்னபடி செய்தான். முற்றத்தின் நடுவிலுள்ள குவிமாடம் அவன் எழுப்பியது. கொலைகாரன் ஒருவனின் நேர்த்திக்கடனால் நமக்குக் கிடைத்த செல்வம் இது.

இனி நான்காவது நகர். துனீசியாவிலிருந்து ஆண்ட பாத்திமியக் கலீபா முயிஸின் தளபதி ஜௌகர் 969இல் எகிப்தைக் கைக்கொண்டு, மேலும் வடக்கே மதில் சூழ்ந்த நகரொன்றுக்கு வரை கீறினான். அல் காஹிரா, வெற்றி கொள்வது, என்பது அதன் பெயர். அப்பெயரே ஐரோப்பியர் நாவிற் கெய்ரோ ஆயிற்று. நல்லோரை குறித்து மணியசைக்கச் சோதிடர் காத்திருக்கையில், மணி கட்டிய கயிற்றிற் காகம் அமர்ந்து மணி ஒலிக்க, வேலையாட்கள் உடனே மண்வெட்டத் தொடங்கினர் என்றும், அவ்வேளை காஹிர் எனப்படும் செவ்வாய் உதயமாயிருந்தமையாற் பெயர் அவ்வாறாயிற்று என்றும் வழிகாட்டிகள் கூறுவர். இக்கதையை நம்புதற்கில்லை. கெய்ரோ தோன்றுமுன்னரே இறந்த மஸ்ஊதி என்னும் வரலாற்றாசிரியர் இதே கதையை அலெக்சாந்திரியாவைப் பற்றிச் சொல்லியுள்ளார்.

அல் காஹிரா முதலில் ஊரன்று, அரசிருக்கை. வணிகரும் கைவினைஞரும் புஸ்தாத்திலேயே வாழ்ந்தனர். மதிலினுள்ளே கிழக்கரண்மனையும் மேற்கரண்மனையும் எதிரெதிராக நின்றன. அவற்றிடையே கிடந்த வெளிக்கு "இரு மாளிகைக்கு இடை" என்று பொருள்படப் பைனல் கஸ்ரைன் எனப் பெயர் வழங்கிற்று. இன்று அத்தெரு இருக்கின்றது, பெயர் இருக்கின்றது, மாளிகைகள் இரண்டும் இல்லை. எகிப்திய நாவலாசிரியர் நஜீப் மஹ்பூஸ் 1956இல் வெளிவந்த தம் பெருநாவலின் முதற் பகுதிக்கு அப்பெயரையே இட்டார். பாத்திமியர் 970இற் கட்டத் தொடங்கிய அல் அஸ்ஹர் பள்ளிவாசலோ, ஆயிரமாண்டு கடந்து இன்றும் மாணவர் கூடும் கல்விக்கழகமாக விளங்குகின்றது. ஷீயாப் பிரிவினரான பாத்திமியரின் நிறுவனமாதலின் சுன்னி அரசர் அதனை ஏறத்தாழ நூறாண்டு ஒதுக்கி வைத்தனர். 1266 அளவிற் சுல்தான் பைபர்ஸ் அங்கே மீண்டும் வெள்ளிக்கிழமைத் தொழுகை நிகழச் செய்தார். பின்னர் அது சுன்னிக் கல்வியின் தலைமைப் பீடமாயிற்று.

மதில்வாயில்களுள் மூன்று நிற்கின்றன. வடக்கே பாப் அல் நஸ்ர், பாப் அல் புத்தூஹ். தெற்கே பாப் சுவைலா. 1087இற்கும் 1092இற்குமிடையில் இவற்றைக் கல்லாற் கட்டியவன் பத்ர் அல் ஜமாலி என்னும் அமைச்சன், பிறப்பால் ஆர்மீனியன். உட்புறச் சுவர்களிற் பண்டை எகிப்தியரின் சித்திர எழுத்துப் பொறித்த கற்கள் சில, பழைய கோயில்களிலிருந்து பெயர்த்தவை, தலைகீழாகவும் பக்கவாட்டாகவும் கிடக்கக் காணலாம். 1798இல் வந்த நெப்போலியனின் படையாட்கள் கோபுரங்களுக்குத் தம் அதிகாரிகளின் பெயரை வெட்டி வைத்தனர்.

1168இற் சிலுவைப்போர் அரசன் அமோரி படையெடுத்தபோது, புஸ்தாத் பகைவன் கையில் அகப்படலாகாதென அமைச்சன் ஷாவர் அதனை எரியூட்டினான். ஐம்பத்து நான்கு நாள் எரிந்தது என்பர். அகழ்வாராய்ந்தோர் அழிவு அத்துணை முழுமையானதன்று எனக் கருதுகின்றனர். எப்படியும் மக்கள் வடக்கே பெயர்ந்தனர். அரசனுக்கென அமைந்த அல் காஹிரா மக்களின் ஊராயிற்று. 1171இற் பாத்திமியராட்சியை முடித்த சலாகுத்தீன் பழைய வழக்கிற்கேற்பத் தானும் வேறிடம் நாடினான். ஆனால் இம்முறை வடக்கேயன்று; தென்கிழக்கே முகத்தம் குன்றின் சரிவில் 1176இல் அரண் ஒன்றைத் தொடங்கினான். கீசாவின் சிறு பிரமிட்டுகளிலிருந்து கல் வந்தது. 1183இல் அங்கு வந்த இப்னு ஜுபைர் என்னும் பயணி, கல் அறுப்போரும் அகழி வெட்டுவோரும் சிறைப்பட்ட ஐரோப்பியக் கிறித்தவராயிருக்கக் கண்டார். பாறையிற் குடைந்த கிணறு ஏறத்தாழ 90 மீற்றர் ஆழம். எருதுகள் சுருள்வழியில் இறங்கி இடைத்தட்டில் நின்று நீர் இறைத்தன. பின்வந்த ஆட்சியாளர் 1874 வரை இவ்வரணிலிருந்தே ஆண்டனர்.

இப்போது பைனல் கஸ்ரைன் தெருவுக்குத் திரும்புவோம். மேற்கரண்மனை நின்ற இடத்திற் கலாவூன் என்னும் மம்லூக்குச் சுல்தானின் கட்டடத் தொகுதி நிற்கின்றது. மம்லூக்கு என்றால் உடைமையாக்கப்பட்டவன். கருங்கடலின் வடபாற் புல்வெளியிலே பிடித்து விற்கப்பட்ட சிறுவர் போர்க்கலை பயின்று விடுதலை பெற்றுப் பிரபுக்களாயினர், 1250இலிருந்து சுல்தான்களுமாயினர். கலாவூன் ஆயிரம் பொற்காசுக்கு வாங்கப்பட்டவன். ஆதலால் ஆயிரத்தான் எனப் பொருள்படும் அல் அல்பி என்னும் பட்டப்பெயர் இறுதிவரை அவனுடனிருந்தது.

இக்கலாவூனுக்கும் ஈழத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1283இல் யாப்பகூவையிலிருந்து ஆண்ட முதலாம் புவனேகபாகுவின் தூதுக்குழு பாரசீகக் குடாவழியாகவும் பாக்தாத் வழியாகவும் பயணஞ்செய்து கெய்ரோவை அடைந்தது. முத்தும் மணியும் யானையும் கறுவாவும் சப்பங்கி மரமும் தன் நாட்டிலுள என்றும், எகிப்தியத் தூதர் இங்கு வரவேண்டும் என்றும் மன்னன் வேண்டியிருந்தான். பொற்பேழையில் வைத்த ஓலையை, மரப்பட்டை போன்றதொன்றில் எழுதியது என்று எகிப்திய ஆசிரியர் வருணிக்கின்றனர்; பனையோலை ஏடு என்றே நாம் கொள்ளலாம். அதனைப் படிக்கவல்லார் கெய்ரோ முழுவதிலும் ஒருவரும் இலராதலின் தூதர் வாய்மொழியாகவே செய்தியை விளக்கினர். தூதின் பயனை நுகரப் புவனேகபாகுவுக்குக் காலம் வாய்க்கவில்லை. அவன் இறந்த பின் பாண்டியப் படையோடு வந்த ஆரியச்சக்கரவர்த்தி யாப்பகூவையை அழித்துத் தந்ததாதுவைக் கவர்ந்து சென்றான் எனச் சூளவம்சம் கூறும்.

தூதர் வந்து போன மறுவாண்டிலே கலாவூன் தன் பெரும்பணியைத் தொடங்கினான். முன்னர்த் தமஸ்குவிற் சூலைநோய்ப்பட்டுக் கிடந்தபோது அங்குள்ள வைத்தியசாலை மருந்தாற் பிழைத்தவன், அரசனானால் அதுபோல் ஒன்று கட்டுவதாக நேர்ந்திருந்தான் என்பர். கல்லறை, மத்ரசா, வைத்தியசாலை மூன்றும் ஏறத்தாழப் பதின்மூன்று மாதத்தில் முடிந்தன. காய்ச்சலுக்கும் கண்ணோய்க்கும் இரணவைத்தியத்துக்கும் வயிற்றுக்கடுப்புக்கும் வேறுவேறு கூடங்கள்; பெண்களுக்குத் தனியிடம்; சித்தம் பேதித்தவருக்குத் தனியறை. ஆண், பெண், செல்வர், வறியவர், அடிமை, அடிமையல்லாதவர் எவரும் வரலாம். குணமாகும் வரை தங்கலாம். இறந்தால் அடக்கச் செலவும் வைத்தியசாலையதே. இப்னு துலூன் மூடிய கதவு நானூறாண்டின் பின் திறக்கப்பட்டது. திறந்தவன் தானே விலைப்பட்டவன். நெஞ்சிலிருந்து நுரையீரலுக்குக் குருதி சென்று மீளும் வகையை முதலில் விளக்கிய மருத்துவர் இப்னு நபீஸ் 1288இல் இறந்தபோது தம் வீட்டையும் நூல்களையும் இதற்கே எழுதி வைத்தார். 1326இல் இங்கு வந்த இப்னு பதூதா இவ்வைத்தியசாலையின் சிறப்பு வருணனைக்கு அடங்காதென எழுதினார். அவரே 1344இல் ஈழத்திற் கரையிறங்கி ஆரியச்சக்கரவர்த்தியின் விருந்தினராயிருந்தவர்.

மறுபுறத்தையும் மறைத்தலாகாது. மேற்பார்த்த பிரபு சஞ்சர், தெருவிற் போவோரையெல்லாம், குதிரைமேற் செல்வோரையும் இறக்கி, கல் சுமக்கச் செய்தான். மக்கள் அத்தெருவாற் போவதையே தவிர்த்தனர். அவ்விடத்து மாளிகையில் வாழ்ந்த அரசகுலப் பெண் அகற்றப்பட்டாள். ரோடாத் தீவின் அரண்மனையிலிருந்து தூண்கள் பெயர்க்கப்பட்டன. பறித்த பொருளாலும் வெட்டிவேலையாலும் எழுந்த இடத்திலே தொழலாமோ என்று சமயவறிஞர் சிலர் வெளிப்படையாகவே வினாவினர். வைத்தியசாலைச் சுவரிற் பிற்காலத்தார் கண்டெடுத்த மரப்பலகைகளிற் பாத்திமிய அரண்மனைச் சிற்பங்கள் இருந்தன: வேட்டைக்காரர், இசைப்போர், ஆடுவோர். அவற்றை இன்று இசுலாமியக் கலை நூதனசாலையிற் காணலாம். அழிந்த அரண்மனை முற்றாக அழியவில்லை. நோயாளிகளின் தலைக்குமேல் ஒளிந்திருந்தது.

இத்தகைய நிறுவனங்கள் நின்றமைக்கு வழிசெய்தது வக்பு என்னும் தருமசாதனம். கடை, நீராட்டகம், விளைநிலம் முதலியவற்றின் வருவாயை ஒருவன் அறத்துக்கென எழுதிவைத்தால் அச்சொத்தை விற்கவோ, வாரிசுக்குப் பிரிக்கவோ, அரசன் பறிக்கவோ ஆகாது. 1382இன் இறுதியில் எகிப்துக்கு வந்து, இங்கே நீதிபதியாயிருந்து 1406இல் மறைந்த இப்னு கல்தூன் இதன் உட்பொருளைத் தெளிவாகக் கண்டார். மம்லூக்குப் பிரபுவின் சொத்தைச் சுல்தான் எந்நேரமும் பறிமுதல் செய்யலாம். பிரபுவின் பதவியோ மகனுக்குச் செல்லாது. ஆகவே அவன் மத்ரசா கட்டி நிலங்களை அதற்கு எழுதி, மேற்பார்வையையும் வருவாயில் ஒரு பங்கையும் தன் மக்களுக்கு ஒதுக்கினான். அச்சமும் பிள்ளைப்பாசமும் புண்ணிய வேட்கையும் ஒன்றாகிக் கல்லாயின. அவ்வருவாயை நாடி மேற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் மாணவரும் ஆசிரியரும் கெய்ரோவுக்குத் திரண்டனர். மாளிகைக்கு இத்தகைய காவல் இல்லை. உடையவன் வீழ்ந்த அன்றே அது கல் எடுக்கும் குவாரியாயிற்று.

அரணின் அடிவாரத்திலே நிற்கும் சுல்தான் ஹசனின் பள்ளிவாசல் இதற்கு இன்னொரு சான்று. 1348இல் வந்த கொள்ளைநோயிற் குடும்பங் குடும்பமாக மக்கள் மாண்டனர். வாரிசற்ற சொத்துக்கள் அரசைச் சேர்ந்தன. 1356இல் தொடங்கிய இப்பெருங் கட்டடத்துக்கு அப்பணமும் உதவியிருக்கவேண்டும் எனக் கருதுவர். வாயில் மட்டும் 38 மீற்றர் உயரம். 1361இல் மினாரா ஒன்று சரிந்து, கீழே கல்விகற்ற அநாதைச் சிறார் உட்பட முந்நூறு பேர் வரையில் இறந்தனர். முப்பத்து மூன்று நாளில் ஹசனும் கொலையுண்டான், உடல் கிடைக்கவில்லை. தனக்கெனக் கட்டிய கல்லறை மண்டபத்தில் அவன் இல்லை. பின்னர்க் கலகக்காரர் இதன் கூரையேறி எதிரிலுள்ள அரணைத் தாக்கினர். அதனாற் சுல்தான் பர்கூக் படிக்கட்டுகளை இடித்தான். அறச்சாலையும் போர்க்களமானதுண்டு.

மம்லூக்கு ஆட்சி இந்தியப் பெருங்கடலின் மிளகிலும் கறுவாவிலும் வளர்ந்தது. சுல்தான் பர்ஸ்பாய் மிளகு வாணிகத்தைத் தனக்கே உரிமையாக்கினான். 1498இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையை அடைந்தார். 1505இற் போர்த்துக்கேயர் கொழும்பை அடைந்தனர். 1509இல் மம்லூக்குக் கப்பற்படை தியூ அருகே அவர்களிடம் தோற்றது. 1517இல் துருக்கியச் சுல்தான் செலிம், கடைசி மம்லூக்குச் சுல்தான் துமான்பாயைப் பாப் சுவைலா வாயிலிற் தூக்கிலிட்டான். கெய்ரோ மாகாண நகராயிற்று.

துருக்கியர் காலத்தை விரித்தல் வேண்டா. 1805இல் அதிகாரத்துக்கு வந்த முகம்மதலி, 1811இல் எஞ்சிய மம்லூக்குப் பிரபுக்களை அரணுக்கு விருந்தழைத்துக் கொன்றொழித்தான். வக்பு நிலங்களிற் பெரும்பகுதியையும் அரசின் கைப்படுத்தினான். பழைய கட்டடங்களுக்குச் சிலுவைப்போரும் கொள்ளைநோயும் செய்யாத கேட்டை அதுவே செய்தது. நகரெங்கும் தெரியும் ஈயக்குவிமாடப் பள்ளிவாசல் அவனுடையது, 1830இல் தொடங்கியது. முற்றத்திலுள்ள மணிக்கூடு, பாரிஸ் சென்ற லக்சர்த் தூணுக்குக் கைம்மாறாகப் பிரெஞ்சு மன்னன் அனுப்பியது. அது நெடுங்காலம் ஓடாது நின்றது.

அவன் பேரன் இஸ்மாயில், பாரிஸைப் பார்த்து ஆற்றுப்பக்கமாகப் புது நகர் வகுத்து, 1874இல் அரணை விட்டு ஆப்தீன் அரண்மனைக்குக் குடிபெயர்ந்தான். 1869இற் கால்வாய்த் திறப்புவிழாவும் இம்மாளிகையும் கடனாய் முடிந்தன. 1875இற் கால்வாய்ப் பங்குகளைப் பிரித்தானியாவுக்கு விற்றான். 1881 செத்தெம்பர் 9ஆம் நாள் ஆப்தீன் முன்றிலிற் படையோடு வந்து நின்று அரசியலமைப்புக் கோரியவர் குடியானவர் மகனான அகமது அராபி பாஷா. மறுவாண்டு தெல் எல் கபீரில் ஆங்கிலேயரிடம் தோற்று, 1883 சனவரியில் நாடுகடத்தப்பட்டுக் கொழும்பை அடைந்தார். கொழும்பிலும் கண்டியிலுமாகப் பதினெட்டாண்டு வாழ்ந்து, 1892இற் சாகிராக் கல்லூரியாக வளர்ந்த பாடசாலை தொடங்கியபோது உடனின்று ஊக்கினார். 1901இல் தாயகம் மீண்ட அவர் 1911இற் கெய்ரோவில் மறைந்தார்.

1881இல் நினைவுச்சின்னப் பாதுகாப்புக் குழுவொன்று அமைந்தது. 1952இற் குடும்ப வக்புகள் சட்டத்தால் ஒழிந்தன. 1979இற் பழைய நகர் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது. 1992இன் நிலநடுக்கத்தில் மினாராக்கள் பல வெடித்தன. கலாவூனின் வைத்தியசாலை பெரும்பாலும் இடிந்தது. 1915இல் அவ்விடத்திற் கண் வைத்தியசாலை எழுந்தது. 2015இல் எகிப்திய அரசு மற்றுமொரு தலைநகரை அறிவித்தது. கெய்ரோவின் கிழக்கே 45 கிலோமீற்றர் தொலைவிற் பாலைநிலத்தில் அமைச்சகங்களும் மாளிகையும் பெரும் பள்ளிவாசலும் எழுந்துள்ளன. ஜௌகர் கட்டிய மதில் அம்ரின் பள்ளிவாசலிலிருந்து ஒரு மணிநேர நடைத்தொலைவில் இருந்தது. இப்புது நகருக்கு நடந்து செல்வார் எவருமிலர்.